தரையை வரைதல்

தேவாலயத் தரையைத் தோண்டுவோர் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. இங்கிலாந்தின் பார்ட்டன்-அப்பான்-ஹம்பர் ஊரில், தூய பேதுரு ஆலயத்தை 1978 முதல் 1984 வரை வார்விக் ராட்வெல் குழுவினர் அகழ்ந்தார்கள். ஆலயத்தின் உள்ளும் புறமுமாகக் கிடைத்தவை சுமார் 2,800 எலும்புக்கூடுகள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஊர்மக்கள்.

இத்தனை பேரையும் கால வரிசையில் வைப்பது எப்படி? தரைதான் சொல்லும். இந்தக் குழி எந்தத் தளத்தை வெட்டிக்கொண்டு இறங்கியது, எந்தத் தளம் அதன்மேல் உடையாமல் படர்ந்திருக்கிறது? இரண்டுக்கும் இடைப்பட்டது புதைத்த காலம். பெயர் பொறித்த கல்லை முழுக்க நம்ப முடியாது. தளம் புதுப்பிக்கும்போது கற்களை இடம் மாற்றிப் பதித்துவிடுவார்கள். விரல் கனம்கூட இல்லாத சுண்ணாம்புச் சாந்துப் படலமே எனக்கு மேலான சாட்சி!

அந்தச் சாட்சியைப் பதிவு செய்ய, அகழ்வோர் நூல் கட்டிய சதுரச் சட்டத்தைத் தரைமேல் கிடத்தி, கட்டம் கட்டமாக ஓடு, சாந்து, எரிந்த கறை எல்லாவற்றையும் பென்சிலால் தாளில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு படலத்துக்கும் ஓர் எண், உயர அளவு, வடக்கு காட்டும் அம்பு. அடுத்த தளத்துக்கு இறங்க, வரைந்து முடித்த தளத்தைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். பிறகு அந்தத் தரை இருக்கும் இடம் தாள்தான்.