'அவருக்கு ஊர்', 'அவர் இருப்பது': போடிமெட்டு எல்லைத் தமிழும் தோட்ட இலக்கிய மொழிபெயர்ப்பும்

கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை போடிநாயக்கனூரைக் கடந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. அங்குத் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடிக்கும் கேரளச் சோதனைச் சாவடிக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. ஆயினும் அச்சிறு தொலைவுக்குள் மனிதரை மனிதர் அறிந்துகொள்ளும் முதற்கேள்வி சொல் மாறுகிறது. கிழக்குச் சரிவில் 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்கப்படுவது, மேற்குச் சரிவில் பூப்பாறையைத் தொடும்போது 'நாடு எவிடெயா?' என்றாகிறது. இரு சொற்களும் இரு மொழிகளிலும் உண்டு, பொருளெல்லைதான் வேறு. மலையாளப் பேச்சில் 'ஊரு' இன்று பெரிதும் பழங்குடிக் குடியிருப்பைச் சுட்டுகிறது. ஊருமூப்பன், ஊருக்கூட்டம் ஆகிய வழக்குகள் இதனைக் காட்டும். தமிழில் 'நாடு' தேசத்தையோ பெரும் நிலப்பகுதியையோ சுட்டுகிறது. எனவே 'நாட்டில் போகுன்னு' என்னும் மலையாளத் தொடரை 'நாட்டுக்குப் போகிறேன்' எனப் பெயர்ப்பவர், விடுமுறைக்குப் பிறந்த இடம் செல்பவரை அயல்நாட்டுப் பயணி ஆக்கிவிடுகிறார்.

இது மொழிபெயர்ப்பாளர் எளிதில் தவிர்த்துக்கொள்ளக்கூடிய பிழையே. அரிதான சிக்கல் தமிழ் 'ஊர்' என்னும் சொல்லின் இலக்கணத்திலேயே அமைந்துள்ளது. 'அவருக்கு ஊர் கயத்தாறு' என்பதும் 'அவர் இருப்பது மூணாற்றில்' என்பதும் ஒரே மனிதரைப் பற்றிய உண்மைக் கூற்றுகளாக இருக்கலாம். முன்னதில் மனிதர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். இடம் உருபேற்காமல் நிற்கிறது. பின்னதில் மனிதர் எழுவாய். இடமே ஏழாம் வேற்றுமை ஏற்கிறது. 'அவருக்கு இரண்டு பிள்ளைகள்', 'அவருக்குக் காய்ச்சல்' ஆகியவற்றில் உறவையும் உடலுணர்வையும் சுட்டும் அதே அமைப்பே ஊரையும் சுட்டுகிறது. ஊர் ஒருவருக்கு உரியதாக இருக்கிறது. அவர் அதில் இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆங்கிலத்தின் 'ஹோம்' இவ்விரண்டையும் ஒருங்கே சுட்ட முயல்வதால், இந்திய ஆங்கிலம் 'நேட்டிவ் பிளேஸ்' என்னும் தனித் தொடரை ஆக்கிக்கொள்ள நேர்ந்தது. அத்தொடர் 'நேட்டிவ்' எனக் குறுகித் தமிழ்ப் பேச்சுக்கே திரும்பி வந்திருப்பது சொற்களின் போக்குவரத்துக்கு ஒரு வேடிக்கையான சான்று.

இடத்துக்கும் மனிதருக்கும் உள்ள இவ்விரு உறவுகளையும் பிரித்தறியாமல் தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் கூறும் படைப்புகளை மதிப்பிடவோ மொழிபெயர்க்கவோ இயலாது. 1877ஆம் ஆண்டில் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபின் அங்கு உருவான தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக மதுரை, திருநெல்வேலிச் சமவெளிகளிலிருந்து ஆட்கள் சேர்க்கப்பட்டனர். தொடக்கக் காலத்தில் மலை கிழக்கு நோக்கியே இருந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் இறங்கிய தேயிலை, கொட்டகுடி வழியாகப் போடிநாயக்கனூரை அடைந்தது. ஆட்களும் அத்திசையிலிருந்தே ஏறினர்.

இடப்பெயர்கள் இதற்குச் சான்றாகின்றன. போடிமெட்டு, தேவாரம் மெட்டு, கம்பம்மெட்டு எனும் பெயர்களில் உச்சியானது கீழே உள்ள ஊரின் பெயரால் வழங்குகிறது. பெயரிட்டவர் நின்ற இடம் சமவெளி; அண்ணாந்து நோக்கிய கண்ணுக்கு அம்மேடு போடியின் மேடு, கம்பத்தின் மேடு. மலைக்கு உள்ளேயோ நிலைமை வேறு. சின்னக்கானல், பெரியகானல் என்னும் பெயர்களின் முன்னொட்டுகள், 'செறிய', 'வலிய' என்னும் இயல்பான மலையாள வடிவங்களாக அமையாமல் தமிழ் வடிவங்களாக நிற்கின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று தமிழர் கூறுவனவற்றை மலையாளிகள் ஈற்று ஐகாரமின்றிப் பூப்பாற, சாந்தன்பாற, உடும்பன்சோல என்கின்றனர். ஈற்று ஐகாரத்துக்கு அகரம் நேர்நிற்பது இரு மொழிகளுக்கும் இடையே அறியப்பட்ட பொது விதி. விதியாக அது சிறியது. எல்லைப் பகுதியில் மட்டும் ஒருவர் எப்பக்கத்தவர் என்பதை ஓர் உயிரெழுத்தே அறிவித்துவிடுகிறது.

அகப்பொருள் இலக்கணம் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. நாற்கவிராச நம்பியின் நம்பியகப்பொருள் கருப்பொருள்களுள் ஊரையும் சேர்த்து, ஒவ்வொரு திணைக்கும் ஊர்ப்பெயர் வகுக்கிறது. மருதத்துக்குப் பேரூரும் மூதூரும், குறிஞ்சிக்குச் சிறுகுடி. இச்சொல்லாட்சி ஏட்டோடு நின்றுவிடவில்லை. முதுவர் வாழும் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்தது. இடுக்கி மலைகளில் பழங்குடிக் குடியிருப்புகள் இன்றும் 'குடி' என்றே வழங்குகின்றன. ஆக, மலையில் குடி உண்டு. கீழே ஊர் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு இலக்கணம் வகுத்த பெயர் எதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்தது 'லயம்'. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் லயன் ஆகி, லயமும் ஆயிற்று. ஆலயம், நிலையம் ஆகியவற்றோடு ஒலியொப்புமை இருப்பதால் அது பழஞ்சொல் போலவும் தோற்றம் தருகிறது. அயற்சொல் ஒன்று இத்தனை விரைவில் இத்தனை மரியாதையான உருவம் பெற்றது வியப்புக்குரியது. அது சுட்டிய அறை அம்மரியாதைக்கு உரியதாக இருந்ததில்லை.

லயத்து வீடு வேலையோடு இணைந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு வழங்கும் பொறுப்பை நிருவாகத்தின்மேல் வைத்தது; அதனாலேயே வேலை முடிந்தவர் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியவராகிறார். ஓய்வுபெறும் நாளுக்காகச் சமவெளியில் ஒரு மனை, ஒரு சுவர், ஒரு கூரை எனச் சேமித்தாக வேண்டும். தலைமுறைகள் கடந்தும் 'ஊர்' கீழேயே நிலைத்ததற்கு ஏக்கத்தைக் காட்டிலும் இந்த ஏற்பாடே பெரிய காரணம் எனலாம். நினைவு பற்றி எழுதுவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

அரசும் மனிதருக்கும் இடத்துக்கும் உள்ள இவ்வுறவைக் கணக்கிட்டது. 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், தமிழர் பெருமளவில் இருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு இருக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தபோது கூறிய காரணங்களுள் ஒன்று, அத்தமிழருள் பெரும்பகுதியினர் தோட்டங்களுக்கு வந்துசேர்ந்த தொழிலாளர் என்பது. அவர்கள் அங்கு இருந்தனர். அவ்விடம் அவர்களுக்கு உரியதென ஏற்கப்படவில்லை. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் திருவிதாங்கூர்–கொச்சி அரசின் குடியேற்றத் திட்டத்தின்கீழ் மேற்கிலிருந்து வந்த மலையாளக் குடும்பங்களும் புதிதாக வந்தவையே. அவர்களுக்கு நிலம் கிடைத்தது. 'குடியேற்றக்காரர்' என்னும் பெயர் அவர்கள் வரலாற்றில் பெருமைச் சொல்லாக நின்றது. வந்த இருவருள் ஒருவர் 'குடி' ஏறினார். மற்றவர் வேலைக்கு ஏறினார். அட்டவணைச் சாதியினர் குறித்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை மாநிலவாரியாகப் பட்டியலிடுவதால், குடும்பம் எந்த ஆண்டில் மலையேறியது என்பது பேரப்பிள்ளையின் சான்றிதழைத் தீர்மானிக்கும் வினாவாக இன்றும் உள்ளது.

இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்க படைப்பு, பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான 'ரெட் டீ'. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர் அவர். திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து, கூலி சேர்த்துத் திரும்பிவிடலாம் என்னும் நம்பிக்கையோடு மலையேறும் இணையரின் கதை அது. இரா. முருகவேளின் தமிழாக்கம் 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் 2007இல் வெளிவந்தது. இதனை வழக்கமான பொருளில் மொழிபெயர்ப்பு என்று கூறுவது முழுமையாகாது. மாந்தர் பேசியது தமிழ். ஆசிரியர் அதனை ஆங்கிலத்தில் கேட்டெழுதினார். மொழிபெயர்ப்பாளர் இல்லாத மூலப்பேச்சை மீட்டு எழுதினார். ஆங்கிலம் சிற்றூர், வீடு, பிறந்தகம் எனப் பல சொற்களாகப் பிரிக்க நேரும் பொருள்கள் தமிழில் 'ஊர்' என்னும் ஒன்றிலேயே அடங்கிவிடுகின்றன. இதனால் தமிழ் வாசகருக்கு ஏக்கத்தின் இலக்கு கூர்மையாகிறது. இழப்பும் உண்டு: சேரியையும் ஊரையும் பிரித்தே பேசும் தமிழ்ச் சமூகத்தில், கீழே இருந்தபோது 'ஊர்' அம்மாந்தருக்கு முழுமையாக உரியதாக இருந்ததா என்னும் வினாவை ஒற்றைச் சொல் மூடிவிடக்கூடும். அவ்வினாவே அவர்களை மலைக்கு அனுப்பிய காரணங்களுள் ஒன்று.

இக்கதை மூன்று தலைப்புகளைப் பெற்றிருப்பது மேலும் கருதத்தக்கது. ஆங்கிலத் தலைப்பு பண்டத்தின் பெயர்; கோப்பையில் உள்ள தேநீரைப் பருகுவோரை நோக்கி அது பேசுகிறது. தமிழ்த் தலைப்பு இடத்தின் பெயர். பனியும் நெருப்பும் ஒருங்கே நிற்கும் காடு. இந்நாவலைத் தழுவிப் பாலா இயக்கி 2013இல் வெளிவந்த திரைப்படம் 'பரதேசி'. அது மனிதரின் பெயர், அதிலும் இடமற்ற மனிதரின் பெயர். பிற தேசத்தவன் என்னும் பொருளிலிருந்து இரந்துண்பவன் என்னும் பொருளுக்குத் தமிழ் வழக்கில் இழிந்த சொல் அது. தலைப்பாகக் கவர்ச்சியுடையதெனினும், மூன்றனுள் இதுவே மனிதருக்கு மிகக் குறைவாக இடமளிப்பது. மலையேறிய முதல் தலைமுறையின் துயரை 'பரதேசி' என உறைய வைத்துவிட்டால், அங்கேயே பிறந்த மூன்றாம், நான்காம் தலைமுறைக்குப் பெயர் இல்லாமற் போகிறது. நாவலில் மலை தப்பிச் செல்லவேண்டிய இடம். அக்காலத்துக்கு அது உண்மை. பிற்காலத் தோட்ட வாழ்வையும் அதே கண்ணாடியில் காணும் விமர்சனமே பிழைபடுகிறது.

லெனின் பாரதி இயக்கத்தில் 2018இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' இவ்வகையில் வேறுபடுகிறது. போடி, கம்பம் பகுதி மலைப்பாதைகளில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஊர் இல்லாத குறை இல்லை. பாதையும் கடையும் வழித்துணையும் எல்லாம் அவனுக்கு உரியனவாகவே உள்ளன. இல்லாதது ஒரு துண்டு நிலம். தனதாக இருந்த நிலத்தில் நிறுத்தப்பட்ட காற்றாலைக்குக் காவலாளியாக அவன் அமர்வதில் படம் முடிகிறது. உரிமையாக இருந்த இடம் வெறும் இருப்பிடமாகச் சுருங்குவதை, சொல்லால் விளக்காமல், நாற்காலியில் அமர்ந்த ஒருவனைக் கொண்டே இப்படம் காட்டிவிடுகிறது. ஊரும் நிலமும் ஒன்றல்ல என்பதைத் தமிழ்ப் படைப்புகளுள் இத்தனைத் தெளிவாக உணர்த்தியவை சிலவே.

இலங்கை மலைநாட்டுத் தமிழர் இச்சிக்கலைச் சொல்லாக்கத்தால் எதிர்கொண்டனர். 'இந்தியத் தமிழர்' என்னும் அரசுப் பெயருக்கு எதிரே 'மலையகம்' என்னும் சொல்லை அவர்தம் இலக்கியமும் அரசியலும் நிலைபெறச் செய்தன. அகம் என்பது உள்ளும் வீடும் ஆவதால் அச்சொல் இருமடங்கு பொருந்தியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டோரை இங்குள்ள அலுவலக மொழி 'தாயகம் திரும்பியோர்' என்றது. இலங்கையிலேயே பிறந்தவர் எங்ஙனம் 'திரும்ப' இயலும் என்று அம்மொழிபெயர்ப்பு தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மூணாற்றுத் தமிழருக்கு மலையகம் போன்ற பெயர் உருவாகவில்லை. இங்குச் சொல் வேறொரு வழியில் பிறந்தது.

2015 செப்டம்பரில் மிகையூதியக் குறைப்பை எதிர்த்துத் தொழிற்சங்கங்களைச் சாராமல் மூணாற்றுச் சாலையில் அமர்ந்த பெண் தொழிலாளரின் அமைப்பு 'பெம்பிளை ஒருமை' எனப் பெயர் பெற்றது. 'பெம்பிள' மலையாளப் பேச்சு வடிவம், தமிழில் பொம்பளை. 'ஒரும' மலையாளத்தில் ஒற்றுமை. தமிழில் 'ஒருமை' முதன்மையாக எண்ணின் பெயர், பன்மைக்கு மறுதலை. இவ்விரு மலையாளச் சொற்களும் தமிழ் ஐகாரத்தை ஏற்று நிற்கின்றன. கேரளச் செய்தித்தாள்களும் அந்த ஐகாரத்தை நீக்காமல் மலையாள எழுத்தில் அப்படியே அச்சிட்டன. இப்பெயரை 'மகளிர் ஒற்றுமை' எனத் தமிழ்ப்படுத்துவது பொருளளவில் சரி. ஆயின் பூப்பாற, பூப்பாறை என இடப்பெயர் ஈறுகளில் பிரிந்து நின்ற எல்லைக்கோடு ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்திருப்பது அதில் மறைந்துவிடும். பெயரை அவ்வாறே வைத்துக்கொள்வதே மொழிபெயர்ப்பாளருக்கு முறை.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு லயங்களை மூடியது. எழுபது பேர் இறந்தனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவில்லை. இறந்தோருள் பலரின் குடும்ப வேர் கயத்தாற்றுப் பகுதியில் இருந்தது. தொற்றுக்காலக் கட்டுப்பாடுகளுக்கிடையே உறவினர் எல்லை கடந்து வந்து சேர்ந்தனர். அச்செய்திகளை மொழிபெயர்க்க முற்படுவோர் 'ஊர்' என்னும் சொல்லில் இருமுறை தயங்க வேண்டியிருக்கும். இறந்தவரின் ஊர் என்பது கயத்தாறா, பெட்டிமுடியா என்பதைச் சொல்லைக்கொண்டு மட்டும் துணிய இயலாது. உடல்கள் கயத்தாற்றுக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. ராஜமலையிலேயே ஒருசேர அடக்கம் செய்யப்பட்டன. உயிர் பிழைத்த குடும்பங்களுக்கு மூணாற்றை அடுத்த குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடுகள் கட்டித் தரப்பட்டன. அவை லயங்கள் அல்ல, தனித்தனி வீடுகள்.

மூணாற்றில் பிறந்து மதுரையில் படிக்கும் ஒருவர் விடுமுறைக்குப் பேருந்தேறும்போது 'ஊருக்குப் போறேன்' என்பது இன்று இயல்பான வழக்கு. பேருந்து தேனி, போடி வழியாக மேலேதான் செல்கிறது. அத்தொடரைப் பெயர்ப்பவர் முன்னோரின் சிற்றூரை அதில் ஏற்றிவிடாமல் இருக்க, பேசுபவர் எத்திசையில் பயணம் செய்கிறார் என்பதை முதலில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.