ஒன்பதாவது பாட்டில் தொடங்குங்கள்

பாடகி கரோல் கிங்கின் ‘டேப்பெஸ்ட்ரி’ ஆல்பத்தை முதல்முறை கேட்பவர்கள் ஒரு சின்ன அத்துமீறல் செய்யலாம். பன்னிரண்டு பாடல்களில் முதல் எட்டைத் தாண்டி, நேராக ஒன்பதாவதுக்குப் போய்விடலாம்.

‘வில் யூ லவ் மீ டுமாரோ’. இன்றைக்கு இருக்கும் காதல் விடிந்தபிறகும் இருக்குமா என்று ஒரு பெண் கேட்கிற பாட்டு. 1960-ல் அப்போதைய கணவர் ஜெரி கோஃபின் வரிகள் எழுத, கிங் மெட்டுப் போட்டார். அவருக்கு வயது 18. பாடியது ஷிரெல்ஸ் என்ற பெண்கள் குழு; 1961 தொடக்கத்தில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பழைய பதிவை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. வயலின்கள் துள்ளும், தாளம் ஆடக் கூப்பிடும். கேள்வியின் கனம் உறைக்காமலே காலாட்டிக்கொண்டு கேட்டு முடித்துவிடலாம்.

அதன்பிறகு ‘டேப்பெஸ்ட்ரி’யில் கிங்கே பாடிய 1971 பதிவு. வேகம் நன்றாகத் தணிந்துவிட்டது. பியானோ ஒவ்வொரு கார்டையும் மெல்ல இறக்கி வைக்கிறது. பின்குரலில் ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்செலும். சொற்களும் மெட்டும் அதேதான். கேள்வி கேட்பவள்தான் மாறிவிட்டாள்: விவாகரத்து, இரண்டு மகள்கள், நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ச்சி, மறுமணம் எல்லாம் கண்ட 28 வயதுக்காரி. பதிலை ஓரளவு ஊகித்துவிட்டவளின் கேள்வி இது.

கிங் பெரிய குரல்காரர் அல்ல. உச்சத்தில் லேசாகக் கரகரக்கும், ஜாலங்கள் கிடையாது. அதைக் குறையாக எண்ணுபவர்களுக்கு இந்த ஆல்பம் பிடிபடாது. 60-களில் மற்ற பாடகர்களுக்கு மெட்டைக் காட்ட, பியானோ முன் உட்கார்ந்து தானே பாடி டெமோ பதிவு செய்து கொடுப்பார். நம் ஸ்டூடியோக்களில் ‘ட்ராக்’ பாடுவார்களே, அதுபோல. தயாரிப்பாளர் லூ ஆட்லருக்கு அந்த டெமோக்கள் மீதுதான் மோகம். கிங்கின் முதல் தனி ஆல்பமான ‘ரைட்டர்’ (1970) பதிவில் அவர் குரல் வாத்தியங்களுக்குள் சற்று ஒளிந்தே இருக்கும். இரண்டாவதான ‘டேப்பெஸ்ட்ரி’யில் ஆட்லர் குரலையும் பியானோவையும் முன்னே இழுத்து வைத்தார். அடுத்த அறையில் யாரோ பாடிப் பார்ப்பதைப் போல ஒலிப்பது அதனால்தான்.

அடுத்து ‘இட்ஸ் டூ லேட்’. வரிகள் டோனி ஸ்டெர்ன் எழுதியவை. உறவு முடிந்துவிட்டது என்பதை அழாமல், பழி போடாமல் சொல்லும் பாட்டு. சரணத்தில் பியானோ இரண்டே கார்டுகளுக்கிடையே ஊசலாடும், மைனரின் சோகச் சாயலோடு. முடிவைச் சொல்லும் பல்லவி வந்ததும் மேஜர் கார்டுகள் திறந்துகொள்ளும். துக்கச் செய்தி வருகிற இடத்தில் வெளிச்சம்! ஹெட்போனில் அந்தத் திருப்பத்தை மட்டும் நாலைந்து முறை ஓட்டிக் கேட்கலாம். கர்ட்டிஸ் ஏமியின் சாக்ஸஃபோனுக்காக இன்னொரு முறை.

கடைசிப் பாட்டு, 1967-ல் அரீதா ஃபிராங்க்ளின் புகழாக்கிய ‘எ நேச்சுரல் வுமன்’. அரீதாவோடு போட்டி போட முடியாது என்பது கிங்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். பியானோ, ஒரு பேஸ், குரல், அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். துப்பாக்கிக்காரன் கதை சொல்லும் ‘ஸ்மாக்வாட்டர் ஜாக்’கை முதல் சுற்றில் தாண்டிப் போனாலும் பாதகமில்லை.

15 வாரம் முதலிடம், நான்கு கிராமி விருதுகள் எல்லாம் பின்னால் வந்தவை. இனி முதல் பாட்டுக்குத் திரும்பலாம்: ‘ஐ ஃபீல் தி எர்த் மூவ்’. தலைப்பே பூமி அதிர்வதைப் பற்றியது; இடதுகை பியானோவைக் குத்திக் கிளப்புகிற வேகமும் அதற்கேற்றதுதான். 1971 பிப்ரவரி 9, கிங்கின் 29-வது பிறந்தநாள். அன்று காலை ஆறு மணிக்கு லாஸ் ஏஞ்சலஸை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. இசைத்தட்டு வெளிவந்தது மறுநாள்.