அனுமதிக்குள் ஒரு முழக்கம்

நீண்ட தலைமுடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று 1970களில் அரசு அலுவலகங்களில் எழுதி ஒட்டிய ஊர் சிங்கப்பூர். 1972இல் லெட் செப்பலின் கச்சேரி இங்கே நடக்காமல் போனதற்கும் தலைமுடிதான் காரணம். ராக் இசையை ஒழுங்கீனத்தின் அடையாளமாகக் கண்ட அதே நகரத்தில், பெரிய நிறுவனங்களை நம்பாத ராக் குழுக்கள் 1980களில் தலைதூக்கின. 1985இல் தொடங்கிய 'பிக் ஓ' இதழ் அவற்றைப் பற்றி எழுதியது. 1990இல் நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் ஆர்மீனியன் தெருவில் நிறுவிய சப்ஸ்டேஷன் கலை மையம் அவற்றுக்கு மேடை கொடுத்தது.

இந்த அலையில் 1992இல் உருவான ருத்ரா, சிங்கப்பூர் இந்திய இளைஞர்களின் மெட்டல் ராக் குழு. அதன் முதல் பலம், கடன் வாங்கிய கோபத்தை அது மறுத்ததுதான். மேற்கின் மெட்டல் குழுக்கள் பல தேவாலயத்தை எதிர்க்கச் சாத்தானைக் கையில் எடுத்தன. தேவாலயத்தின் பிடியில் வளராத பிள்ளைகளுக்கு அது யாருடைய சண்டையோ. ருத்ரா உபநிடதங்களுக்குத் திரும்பி, 'நான் யார்' என்ற கேள்வியை மெட்டலின் உறுமும் குரலில் கேட்டது. தன் இசைக்கு 'வேதிக் மெட்டல்' என்று பெயரும் வைத்தது. முதல் இசைத்தொகுப்பு 1998இல் வந்தது. 'பிரம்மவித்யா' வரிசையின் மூன்று தொகுப்புகள் 2005, 2009, 2011இல் வந்தன. இளமையின் சீற்றம் ஆழ்ந்த தேடலாக முதிர முடியும் என்பதற்கு முப்பது ஆண்டுகளைத் தாண்டிய இந்தப் பயணமே சான்று.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் அமைந்தன. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் ஒலிக்கும் தமிழ், நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக இருந்தும், இந்தக் கலகத்தின் மொழியாகவில்லை. சாதியையும் சடங்கையும் நேருக்கு நேர் கேள்வி கேட்ட சித்தர் சிவவாக்கியர் நம்மிடம் இருக்கிறார். எதிர்ப்பிசைக்கு அவரைவிடப் பொருத்தமான முன்னோடி யார்?

லிட்டில் இந்தியாவுக்கு இன்னொரு முழக்கமும் உண்டு: இளைஞர்கள் அடிக்கும் உறுமி மேளம். தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1970களில் விதித்த தடை, 2016இல்தான் சில இடங்களில் மட்டும் தளர்ந்தது. கட்டுப்பாட்டை ராக் இசைஞரும் உறுமிக் கலைஞரும் அனுபவித்திருக்கிறார்கள். ஆனால் ஒருவரை ராக் மேடையோடும் மற்றவரைக் கோவிலோடும் நிறுத்திவைத்துப் பார்ப்பதே நம் பழக்கமாகிவிட்டது.

2002 முதல் எஸ்பிளனேட் கலை அரங்கம் நடத்தும் பேபீட்ஸ் இசை விழா இளம் குழுக்களுக்கு நல்ல மேடையும் பயிற்சியும் தருகிறது. அதைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம். ஆனாலும் பெரிய நிறுவனத்தின் அழைப்பை நம்பி நிற்கும் கலை சொல்லத் தயங்கும் விஷயங்கள் பெருகும். அதற்கு மாற்றாகச் சின்ன மேடைகள் வேண்டும். சப்ஸ்டேஷனோ 2021இல் தன் ஆர்மீனியன் தெருக் கட்டடத்தை விட்டு வெளியேறிவிட்டது.

சொந்த மரபுக்குள்ளிருந்தே கேள்வி கேட்கலாம் என்ற துணிவை ருத்ரா கொடுத்துவிட்டது. அடுத்துக் கிட்டார் எடுக்கும் இளைஞர்கள் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கட்டும். உறுமிக் கலைஞரையும் மேடைக்கு அழைக்கட்டும். நாம் நுழைவுச்சீட்டு வாங்கிப் போய்க் கேட்போம்.