தர்க்கித்த பெண்ணும் வாய்மூடிய பிம்பங்களும்

அல்குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்துக்கு 'அல் முஜாதிலா' என்று பெயர். தர்க்கம் செய்த பெண் என்பது அதன் பொருள். மனைவியை நோக்கி, 'நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள்' என்று கணவன் சொல்லிவிட்டால், அவள் மனைவியாகவும் வாழ முடியாது. மறுமணம் செய்துகொள்ளும் விடுதலையும் பெற முடியாது என்பது அறியாமைக் கால அரபு வழக்கம். ளிஹார் எனப்பட்ட இவ்வழக்கத்துக்கு ஆளான கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) தம் முறையீட்டை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு சென்றார். ஒருமுறை சொல்லிவிட்டு அவர் திரும்பிவிடவில்லை. மீண்டும் மீண்டும் வாதிட்டார். அவருடைய வாதத்தை இறைவன் செவியுற்றான் என்னும் அறிவிப்புடனேயே அந்த அத்தியாயம் தொடங்குகிறது. அச்சொல்லைச் சொன்ன கணவனுக்கே பரிகாரம் விதிக்கப்பட்டது: ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும், இயலாவிடில் தொடர்ந்து 2 மாதம் நோன்பிருக்க வேண்டும், அதுவும் இயலாவிடில் 60 ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும்.

முஸ்லிம் பெண்ணைப் பற்றி நம் காலத்தில் எழுதப்படுவனவற்றையும் காட்டப்படுவனவற்றையும் மதிப்பிட இந்நிகழ்ச்சியையே அளவுகோலாகக் கொள்ளலாம். இங்கே ஒரு பெண் பேசுகிறாள்; அவள் பேச்சு கேட்கப்படுகிறது; கேட்டதன் விளைவாக வழக்கம் மாறுகிறது. இன்றைய சித்திரிப்புகளில் இம்மூன்றில் எது எஞ்சியிருக்கிறது?

முதலில் திரைப்படத்தை நோக்குவோம். 1995இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'பம்பாய்' வகுப்புக் கலவரத்தின் கொடுமையைப் பரிவோடு காட்ட முயன்ற படம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. நாயகி ஷைலா பானு மதம் மாற வேண்டும் என்றும் அது கேட்கவில்லை. ஆயினும், காதலனை நோக்கி ஓடிவரும் அவளது பர்தா நங்கூரத்தில் சிக்கிக்கொள்ள, அதை விட்டுவிட்டு அவள் ஓடும் காட்சி, படத்தின் உள்ளக்கிடக்கையைச் சொல்லிவிடுகிறது. உடை ஒரு தளை. அதை உதறியவுடன் விடுதலை. அவ்வுடையைப் பற்றி அவள் என்ன எண்ணினாள் என்பதைச் சொல்ல அக்காட்சியில் இடமில்லை. மீட்கப்பட வேண்டியவளாகவே அவள் பார்வையாளர்முன் நிறுத்தப்படுகிறாள்.

இதற்கு மாற்றாக நம் மேடைகள் முன்வைக்கும் பிம்பம் யாது? சிப்பிக்குள் முத்து என்கிறோம். மஹர் பெறும் உரிமை, சொத்தில் பங்கு, 'குல்உ' வழியாக மணவிலக்குக் கோரும் உரிமை ஆகியவற்றை இஸ்லாம் 14 நூற்றாண்டுகளுக்கு முன்பே வழங்கிவிட்டது எனப் பெருமிதத்தோடு பட்டியலிடுகிறோம். பட்டியலில் பிழையில்லை. ஆனால் பெயரளவுக்கு மஹரை எழுதிவிட்டுக் கைக்கூலியைக் கணக்குப் பார்த்து வாங்கும் நிக்காஹ்களும், சகோதரிக்குரிய பங்கைப் 'பாசத்தின் பெயரால்' விட்டுக்கொடுக்கச் செய்யும் குடும்பங்களும் நம்மிடையே இல்லையா? ஒரு பெண்ணின் மணவிலக்கு வழக்கைப் பேச ஜமாஅத் கூடும்போது, அவளுக்காகத் தந்தையோ தமையனோ பேச, அவள் வீட்டிலேயே காத்திருக்கும் நிலை பல ஊர்களில் உண்டு. முத்துக்குப் பேசத் தெரியாது என்பது அந்த உவமையின் வசதி.

எனவே, எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு பிம்பங்களும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. ஒன்று அவளை மீட்க விரும்புகிறது. மற்றது காக்க விரும்புகிறது. இரண்டுமே அவளைக் கேட்க விரும்பவில்லை.

அவள் பேசாமல் இருந்தாளா என்றால், இல்லை. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் தம் முதல் நாவலான 'காதலா? கடமையா?'வை 1938இல் வெளியிட்டார். பள்ளிப் படிப்பு சொற்பமே வாய்த்த அப்பெண்மணியின் நூலுக்கு உ.வே. சாமிநாதையரே மதிப்புரை வழங்கினார். தமிழ் நாவல் வரலாற்றில் உரிய இடம் அவருக்குக் கிட்டாமற்போனது பொதுத் தமிழுலகின் குறை மட்டுமன்று; சீறாப்புராணத்தைப் போற்றிப் பாதுகாத்த நம் சமுதாயத்தின் குறையுமாகும்.

2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வெளிவந்தது. சிற்றூர் ஒன்றின் முஸ்லிம் வீடுகளுக்குள் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்வதே அந்நாவலின் உடல். வெளியுலக வாசகர் பலர் அதை மூடிய வீட்டைத் திறந்து காட்டும் சாளரமாகக் கண்டு வியந்தனர். நம்மவர் பலர் வீட்டு இரகசியத்தை வீதியில் வைத்த குற்றமாகக் கண்டு சினந்தனர். இரு சாராரும் அதை இலக்கியமாகப் படிக்கவில்லை, சாட்சியமாகவே படித்தனர்.

சாட்சியமாகவே கொண்டாலும் அது எதற்கு எதிரான சாட்சியம்? தனக்கு ஒப்பாத கணவனோடு வாழ மறுத்துத் தாய்வீடு திரும்பும் ஃபிர்தவ்ஸ் என்னும் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அவளது மறுப்பை ஊர் மானக்கேடாகக் கருதுகிறது. ஆனால் தம் விருப்பமின்றித் தந்தை செய்துவைத்த திருமணத்தைப் பற்றி முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் மணத்தை நபிகள் நாயகம் (ஸல்) ரத்துச் செய்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அப்படியானால் ஃபிர்தவ்ஸின் மறுப்பைக் குற்றமாக்குவது மார்க்கமா, ஊர்வழக்கமா? நாவல் இக்கேள்வியை இவ்வடிவில் எழுப்பவில்லை. மார்க்கத்தையும் வழக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டாததும், ஈமான் ஒரு பெண்ணுக்குத் தரக்கூடிய அகவலிமைக்குப் போதிய இடம் தராததும் அதன் குறைகள் என்பது என் கருத்து. எனினும், அவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டியவர்கள் விமரிசகர்களும் ஆலிம்களுமே. நாமோ எழுதியவரின் ஒழுக்கத்தை ஆராயப் புகுந்தோம்.

இலக்கியத்தில் நேர்ந்ததே நீதிமன்றத்திலும் நேர்ந்தது. இந்தூரைச் சேர்ந்த ஷா பானு என்ற முதிய பெண்மணி 1978இல் ஜீவனாம்சம் கோரினார். 1985இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னர் எழுந்த பேரிரைச்சலில் அத்தீர்ப்பின் பயனைத் தாமே மறுக்கும் நிலைக்கு அவர் ஆளானார். 1986இல் தனிச்சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படியே, மணவிலக்குப் பெற்றவளின் எதிர்காலத்துக்கும் போதுமான நியாயமான ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள் கணவன் செய்தாக வேண்டும் என 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் முஸ்லிம் பெண்ணுக்கு உரியதே என 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரு முதியவளின் உணவுக்கான வழக்கு, ஒருவருக்குச் சமுதாய மானப் பிரச்சினையாகவும் மற்றொருவருக்குச் சமுதாயத்தைத் தாக்கும் ஆயுதமாகவும் ஆயிற்று.

2022இல் கர்நாடகக் கல்வி நிலையங்களில் ஹிஜாப் தடுக்கப்பட்டபோதும் இதுவே கண்டோம். தலைத்துணியைக் களைந்தால்தான் வகுப்பறை என்றது அரசு. பர்தாவை உதறவைத்த அதே 'மீட்பு', இம்முறை மாணவியை வாசலில் நிறுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். அவர்களுள் நீதிபதி சுதான்ஷு துலியா, தம் உள்ளத்தில் முதன்மை பெற்றது பெண் பிள்ளையின் கல்வியே என எழுதினார். மாணவியரின் உரிமைக்காகக் குரல் கொடுத்தது நம் கடமை. அதே மாணவி நாளை மஹரையும் பங்கையும் ஜமாஅத்தில் நேர்நின்று கேட்டால், அன்றும் அவளுக்காகக் குரல் கொடுப்போமா என்பதே நம் நேர்மைக்கான சோதனை.

கவ்லா (ரலி) முதுமையில் ஒருநாள் கலீஃபா உமர் (ரலி) அவர்களை வழியில் நிறுத்தி நெடுநேரம் அறிவுரை கூறியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். உடனிருந்தோர் பொறுமையிழந்தனராம். ஏழு வானங்களுக்கு மேலிருந்து இறைவன் செவியுற்ற பெண்ணின் பேச்சை உமர் கேளாதிருப்பதா என்று வினவி, அவர் முடிக்கும்வரை கலீஃபா நின்று கேட்டார் என்பர். நம் பள்ளிவாசல் நிர்வாகங்களும், மதரஸாக்களும், இலக்கிய அரங்குகளும் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த நிற்றலையே.