இரண்டு வால்வுகளுக்கு நடுவே

விசைப்படகு என்ஜினுக்கு மாற்று சிலிண்டர் ஹெட் வாங்க வந்தவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பதை, அவர் கை முதலில் எங்கே போகிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். பெயிண்ட்டைத் தடவிப் பார்க்கிறவர் புதுசு. தொழில் தெரிந்தவர் ஹெட்டைக் கவிழ்த்துப் போடச் சொல்லி, இன்லெட் வால்வுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் நடுவே ஒல்லியாக ஓடும் இரும்புப் பாலத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல இழுப்பார்.

அந்த விரற்கடை இடத்தில்தான் ஹெட்டின் ஆயுசு இருக்கிறது. ஒரு பக்கம் வெளிக்காற்று நுழைகிறது; மறுபக்கம் 500 டிகிரியை ஒட்டிய புகை வெளியேறுகிறது. லாரியில் ஓடும் என்ஜினுக்கு ஏற்றம் முடிந்தால் இறக்கம் வரும், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும். அதே லாரி என்ஜினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றிப் படகில் பூட்டி இழுவலையைக் கட்டிவிட்டால், மணிக்கணக்கில் ஒரே பாரம்தான். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி, சுழற்சி வேகத்தின் மும்மடிக்கேற்ப ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் சக்தி 33 சதவீதம் கூட வேண்டும். அந்தச் சூடு முழுக்க வந்து விழுவது இந்தப் பாலத்தின் மேல். பின்புறத் தண்ணீர் ஓட்டம் குறைந்துபோனால் விரிசல் விடுவதும் இங்கேதான்.

நகத்துக்குத் தப்பும் விரிசலைச் சிவப்புச் சாயம் பிடித்துவிடும். பார்க்க அலுக்காத வேலை அது. கரியும் எண்ணெயும் போகத் துடைத்த பரப்பில் சாயத்தைத் தெளிக்கிறார்கள். சற்றுப் பொறுத்துச் சுத்தமாகத் துடைத்தெடுத்த பிறகு வெள்ளைப் பொடியை மெலிதாகத் தூவுகிறார்கள். ஒன்றுமில்லை என்றே தோன்றும். அடுத்த சில நிமிடங்களில் வால்வு சீட்டிலிருந்து இன்ஜெக்டர் துளையை நோக்கி மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு தானாகக் கசிந்து வரும். வோக்ஸ்வாகன் டீசல் கார் கையேடுகள் சீட்டுகளுக்கு நடுவே 0.5 மில்லிமீட்டர் அகல விரிசல்வரை பொறுத்துக்கொள்கின்றன. ரோட்டோரம் நிறுத்திவிட்டு இறங்கி நிற்கும் வசதி காருக்கு உண்டு. கரையிலிருந்து நாற்பது மைல் தள்ளி வலை போட்டிருக்கும் படகுக்கு அந்தச் சலுகையை நான் தரமாட்டேன்.

தண்ணீர்த் துளைகளின் விளிம்பையும் விட்டுவிடக் கூடாது. உப்புத் தண்ணீரே நேராக உள்ளே ஓடிக் குளிர்வித்த ஹெட் என்றால் பேனாக்கத்தி வேண்டும். வார்ப்பிரும்பைக் கடல்நீர் தின்கிற விதம் வஞ்சகமானது. இரும்பு கரைந்து போய்விடும், அதற்குள் கிடந்த கிராஃபைட் மட்டும் மிஞ்சும், வடிவம் அப்படியே நிற்கும். கண்ணுக்கு முழுசாகத் தெரியும் விளிம்பைக் கத்தியால் சுரண்டினால் கறுப்புத் தூளாக உதிரும். விரலில் தேய்த்தால் பென்சில் கரி மாதிரி வழவழக்கும். அப்படி உதிர்ந்தால் விலையைக் கேட்காமலே கிளம்பிவிடலாம்.

புது டூப்ளிகேட்டா, ஓடித் தேர்ந்த ஒரிஜினலா என்று கேட்டால் தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன். வார்த்த புதிதில் இரும்புக்குள் இறுக்கம் மிச்சமிருக்கும். முறையாகச் சூட்டில் வைத்துப் பதப்படுத்தாத ஹெட், முதல் சில மாத ஓட்டத்திலேயே கோணிக்கொள்ளும். ஓடிய ஹெட்டுக்கு அந்தக் கோணல் வரவேண்டியது வந்து முடிந்திருக்கும். 1983இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற பிரபாம் காரின் பி.எம்.டபிள்யூ டர்போ என்ஜினுக்கு, ஏற்கெனவே சாதாரணக் கார்களில் நெடுந்தூரம் ஓடிய பழைய பிளாக்குகளைத் தேடி எடுத்தார்கள் என்பது அந்த வட்டாரத்தில் பிரசித்தம். அங்கே பிளாக், இங்கே ஹெட். இரும்பின் குணம் ஒன்றுதான்.

அலுமினிய ஹெட்டைப் பற்றி அதிகம் பேசுவதற்கில்லை. எடை குறைவு, சூட்டைச் சீக்கிரம் கடத்தும். உப்புத் தண்ணீர் நேராகப் பாயும் என்ஜினில், பக்கத்தில் இரும்பு பிளாக்கையும் வைத்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான்.

பொருத்தம் பார்க்க ஒரு கைவழி உண்டு. வார்ப்பில் புடைத்திருக்கும் எண் ஒன்றாக இருந்தாலும், நம் என்ஜினுக்கான கேஸ்கட்டை ஹெட்டின் மேல் விரித்து, ஒவ்வொரு துளை வழியாகவும் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு தண்ணீர்த் துளை பாதி மூடியிருந்தாலும் அந்தச் சிலிண்டர் வெந்துபோகும். பிறகு நேர்ச்சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும், மூலைக்கு மூலையும் நிறுத்தி ஃபீலர் கேஜைச் செருகிப் பார்ப்பார்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு எங்காவது நுழைகிறதா என்று தேடும்போது பட்டறையில் யாரும் பேசமாட்டார்கள்.

நுழைந்தால் ஃபேஸிங், அதாவது பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது. அதிலும் சூட்சுமம் உண்டு. எரியறை பிஸ்டன் தலையில் குழிந்திருக்கும் டீசல் என்ஜினில், தட்டையான ஹெட்டைச் சீவுவதால் கம்ப்ரஷன் கூடாது. ஆனால் வால்வு பிஸ்டனை நெருங்கிவரும். இன்ஜெக்டர் நுனி கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சீட்டை ஆழமாக்கி, இன்ஜெக்டருக்குச் சரியான தடிமனில் செப்பு வாஷர் போட வேண்டும். ஒவ்வொரு சீவலும் அந்தப் பாலத்தின் கனத்தையும் கொஞ்சம் எடுத்துவிடும். எத்தனை முறை ஃபேஸிங் ஆனது என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் “ஒரே தடவைதாங்க” என்பார். கேலிப்பரை எடுத்து ஹெட்டின் உயரத்தை அளந்து, கையேட்டிலிருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுவிட்டு, அதற்குமேல் பேரத்தைத் தொடங்கலாம்.