உள்ளத்தின் வடுவும் ஊரின் வடுவும்

பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய இரு பெருநூல்கள் உள. முதலாவது 1998இல் வெளிவந்த 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்'; வடுப்பட்ட உள்ளங்கள் என்பது அதன் பொருள். இரண்டாவது 2014இல் வெளிவந்த 'ஸ்கார்ட் கொம்யூனிற்றீஸ்'. வடுப்பட்ட சமுதாயங்கள் எனலாம். இரண்டையும் வெளியிட்டது ஒரே பதிப்பகம்; தலைப்பில் மாறியிருப்பது ஒரு சொல்லே. அச்சொல் மாறுவதற்குப் பதினாறு ஆண்டுகள் சென்றன. உள்ளம் என்றிருந்த இடத்திற் சமுதாயம் என்பதை வைத்தற்கு ஆசிரியர் காட்டும் ஆதாரம் போதியதா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

அவர் தொழிலால் உளமருத்துவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திற் பேராசிரியராக இருந்து கற்பித்தவர். யாழ்ப்பாணம், தெல்லிப்பழை வைத்தியசாலைகளில் நோயாளரைப் பார்த்தவர். கம்போடியாவிலும் சில காலம் சமுதாய உளநலப் பணி புரிந்தார். பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் பல்கலைக்கழகத்துடன் தொடர்புகொண்டிருந்தார். இவை எந்த வாழ்க்கைக் குறிப்பிலும் காணத்தக்கன. நாம் கருத்தில் இருத்தவேண்டியது பிறிதொன்று. 'முறிந்த பனை' என்னும் நூலை எழுதிய நால்வருள் அவரும் ஒருவர். அந்நூல் 1990இல் வெளிவந்தபோது நால்வருள் ஒருவரான ராஜினி திராணகம உயிருடன் இல்லை. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். எழுத்துக்குக் கொடுக்க நேரும் விலையை அறிந்தபின்னரும் எழுதியவருடைய ஆராய்ச்சியையே நாம் படிக்கிறோம்.

1994இல், சிவயோகன் அவர்களுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை பிரித்தானிய உளமருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. போரின் நெருக்கீடு எதனையும் அனுபவியாதோர் ஆராயப்பட்டவருள் 6 வீதத்தினர் மாத்திரமே. 64 வீதத்தினரிடம் உளப் பாதிப்பு ஏதேனும் ஒன்று காணப்பட்டது. மேலைநாட்டார் பெரிதும் பேசும் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 27 வீதத்தினரிடம் இருந்தது. ஆயின் உள்ளத்துத் துயர் உடல்நோவாக வெளிப்படுதல் 41 வீதத்தினரிடம் இருந்தது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே அக்கட்டுரையின் சிறப்பு என்பேன். எம்மவர் வைத்தியரிடம் சென்று "மனம் சரியில்லை" என்று சொல்வது அரிது. தலையிடி என்பர், நெஞ்சுக்குள் எரிவு என்பர், கால் உளைவு என்பர். அம்முறைப்பாடுகளை அற்பமென்று தள்ளாது, போரின் கணக்கில் எழுதிவைத்தவர் இவர். போர் நடந்த நாடுகளுக்கு மேலைநாட்டு நோய்ப்பெயர்களை ஏற்றுமதி செய்வதாக டெரிக் சமர்பீல்ட் என்னும் ஆங்கில உளமருத்துவர் 1999இல் கடுமையாகக் குறைகூறினார். அக்குறை பலருக்குப் பொருந்தும். உடலின் மொழியைக் கேட்டெழுதிய இவருக்கு முழுவதும் பொருந்தாது.

அடுத்த ஆண்டில் வெளியான கட்டுரை இதனினும் வியப்புக்குரியது. ராசதுரை அவர்களுடன் எழுதியது. வடபகுதியில் போரும் தற்கொலையும் என்பது பொருள். போருக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் தற்கொலை மிகுந்திருந்தது. 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வும் அதனைக் கூறியுள்ளது. போர் மூண்டபின் அது இன்னும் பெருகியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். குறைந்தது என்று இவ்வாய்வு காட்டியது. போர்க்காலத்தில் மக்கள் ஒருங்கிணைவதால் தற்கொலை குறையும் என்று பிரெஞ்சுச் சமூகவியலார் டேர்க்கைம் 1897இல் எழுதியது இங்கு நினைக்கத்தக்கது. மக்களின் துன்பத்தை உலகறியச் செய்யும் நோக்குடைய ஒருவர், துன்பம் மிகுந்த காலத்தில் ஒரு கேடு குறைந்தது என்று எழுதுவது எளிதன்று. வேண்டாத உண்மையையும் மறையாது அச்சிட்ட இச்செயலை, அவருடைய ஆராய்ச்சி நேர்மைக்கு முதற் சான்றாக வைப்பேன்.

பின்னர் வந்தது கூட்டு மனவடு என்னும் கருத்து. 1972இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் சுரங்கக் கழிவு அணை ஒன்று உடைந்து பவலோ கிறீக் பள்ளத்தாக்கை அழித்தது. உயிர் தப்பியோரை ஆராய்ந்த கை எறிக்சன், ஒவ்வொருவருடைய உள்ளக் காயத்தினும் வேறாக, அயலவரைப் பிணைத்திருந்த இழைகள் அறுந்தமையும் ஒரு காயமே என்றார். சோமசுந்தரம் அவர்கள் 2007இல் வடபகுதியைப் பற்றியும் 2010இல் வன்னியைப் பற்றியும் எழுதிய நீண்ட ஆய்வுகளில் இதனையே எமது நிலத்தில் வைத்துக் காண்கிறார். 1995 ஒக்டோபரில் வலிகாம மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தது, 2004இன் ஆழிப்பேரலை, 2009இன் வன்னிப் பேரழிவு என அடுக்கடுக்காக வந்தவற்றால் மக்கள் பேச்சற்று, பிறரைச் சார்ந்து, தலைமையிழந்து, ஒருவரையொருவர் ஐயுறும் நிலையை அடைந்தனர் என்பது அவர் முடிபு.

இம்முடிபை மறுப்பதற்கில்லை, அதன் எல்லையே புலப்படவில்லை. குடிப்பழக்கம், குடும்பப் பிளவு, ஒழுக்கச் சிதைவு, அவநம்பிக்கை யாவும் ஒரே வடுவின் கிளைகளாகக் கொள்ளப்படுகின்றன. போருக்கு முன்னும் எம்மிடையே சாதியால் ஐயுறவு இருந்தது. சீதனத்தாற் குடும்பங்கள் பிளந்தன. எது போர் தந்தது, எது பழையது என்று பிரித்தற்குரிய அளவுகோல் இவ்வாய்வுகளிற் போதியதாக இல்லை. மௌனத்தை நோயென்று கொள்வதிலும் எனக்கு ஐயமுண்டு. என் வகுப்புப் பிள்ளை ஒருவன் விபரப் படிவத்தில் தந்தை பற்றிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். தாயிடம் வினவியபோது, "எழுதி என்ன செய்யப் போறியள், சேர்?" என்றார். அதனை மனவடு என்பதா, முன்னெச்சரிக்கை என்பதா? தற்கொலைக் கட்டுரையிற் காட்டிய கண்டிப்பை ஆசிரியர் இங்கும் காட்டியிருக்கலாம்.

பரிகாரம் கூறும் பகுதிகளில் அவர் கை மீண்டும் உறுதிபெறுகிறது. சாந்தியாசனம், மூச்சை நோக்கல், சைவருக்குப் பிரணவம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என அவரவர் வழக்கிலுள்ளதையே மருந்தாக்குகிறார். உடலைக் காணாது, அந்தியேட்டி செய்யவும் இயலாத குடும்பத்தின் துயர் ஏன் ஆறுவதில்லை என்பதை அவரளவு விளங்கிக்கொண்டு எழுதியோர் சிலரே. 2000ஆம் ஆண்டளவில் சிவயோகன் அவர்களுடன் சேர்ந்து தமிழர் சமுதாயத்தின் உளநலம் பற்றிய கைந்நூல் ஒன்றையும் ஆக்கினார். அகதிகளின் உளநலம் பற்றி உலக சுகாதார நிறுவனத்தார் வெளியிட்ட நூலைத் தழுவியது அது. ஆசிரியரும் கிராமப் பணியாளரும் கையிலெடுக்கத்தக்க நூல். பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சியை எண்ணும்போது இத்தகைய நூல்கள் கணக்கில் ஏறுவதில்லை. ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டுரைகள் யாரைப்பற்றி எழுதப்பட்டனவோ அவருட் பெரும்பாலார் அவற்றைப் படியார், இதனைப் படிப்பர். என் நோக்கில் இதன் இடம் அக்கட்டுரைகளுக்குக் கீழன்று.

அவர் ஆய்வுகளின் நிலம் யாழ்ப்பாணமும் வன்னியும். சமுதாயம் என்று அவர் எழுதும் இடமெல்லாம் கோயிலும் குளமும் உறவும் அயலும் உடைய ஊரே கருதப்படுகிறது. 1983 ஜூலையில் இங்கிருந்து கப்பலேறிப் போனவரும், பின்னர் வடக்கிலிருந்து வந்தவரும், கொட்டாஞ்சேனையின் பழங்குடிகளும் ஒரே மாடிப்படியில் ஏறியிறங்கும் கொழும்பில் அக்கருத்து என்னாகும்? ஊரோடிருந்து காயப்பட்டவரையும் ஊரைவிட்டு வந்து வெள்ளவத்தையிற் குடியேறியவரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தால், உள்ளத்தின் வடு எது, ஊரின் வடு எது என்பது ஓரளவு பிரிந்து தோன்றும். சென்ற ஆண்டு பத்தாந் தர மாணவருக்கு 'எமது ஊர்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். எந்த ஊரைப்பற்றி எழுதுவது என்று மூவர் எழுந்து கேட்டனர்.