பழைய சுடுவிளையாட்டுகளின் குறையும் நயமும்

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்த நன்னூலார், அவற்றைத் திரைவிளையாட்டுக்குப் பொருத்திப் பார்க்கும் காலம் வருமென எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் 'கூறியது கூறல்' என்னும் குற்றத்துக்கு, தொண்ணூறுகளில் ஆசியாவெங்கும் விலைபோன 'டீவி கேம்' கசெட்டுகளினும் பொருத்தமான சான்று கிடைத்தலரிது. மேலே 9999 விளையாட்டுகள் என அச்சிட்டிருக்கும்; உள்ளே இருப்பவை மிகச் சிலவே. எஞ்சியவை அவற்றையே பெயர் மாற்றி அடுக்கியவை. நின்டெண்டோ நிறுவனம் 1983இல் யப்பானில் வெளியிட்ட பமிக்கொம் பொறியின் போலிகளில் இவை ஓடின. பூனாகலை முதலிய ஊவாத் தோட்டங்களில் இவற்றை ஆடி வளர்ந்தோர்க்கு இன்று இவை ஏக்கத்துக்குரிய பொருள்கள். அவ்வேக்கம் பொருளற்றதன்று, ஆனால் ஏக்கம் வேறு, திறனாய்வு வேறு.

கொனாமி நிறுவனத்தாரின் 'கொன்ட்ரா'வை நோக்குக. 1988இல் வீட்டுப் பொறிக்கு வந்த இவ்விளையாட்டில் குண்டுகளும் பகைவரும் சிமிட்டிச் சிமிட்டித் தோன்றுவர். ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத்துண்டுகளுக்கு மேல் காட்ட அப்பொறியால் இயலாது. மிகுந்தவை அடியோடு மறையாதிருத்தற்பொருட்டு அவற்றை மாறிமாறிக் காட்டினர். இது பொறியின் வறுமையேயன்றி ஆக்கியோரின் வறுமையன்று. அருவிக் கட்டமோ வேறு வகையினது. இருவர் சேர்ந்தாடுமிடத்து ஒருவன் விரைந்தேறினால் திரையும் உடன் மேலேறும்; பின்தங்கியவன் திரையின் கீழ்விளிம்பில் அகப்பட்டு மாள்வான். இது ஆக்கியோரின் குறையே. இதற்குச் சமாதானம் கூறுதல் வீண். எனினும் "பொறு அண்ணே, பொறு" என்று தம்பி கூவ, ஆட்டம் திரையினின்றும் அறைக்குள் இறங்கியது இக்குறையாலன்றோ? பலர் ஏங்குவது விளையாட்டுக்கன்று, அந்தக் கூவலுக்கே எனலாம். அக்கூவலைப் பிறப்பித்தது அக்கட்டத்தின் அமைப்பு என்பதும் மறுத்தற்கரியது.

'டக் ஹண்ட்' என்னும் வாத்து வேட்டை 1984இல் தோன்றியது. விசையை இழுத்தவுடன் திரை ஒருகணம் கருமையாகும். அடுத்த கணம் வாத்து நின்ற இடம் மட்டும் வெண்கட்டமாக ஒளிரும். அவ்வொளி துப்பாக்கியின் கண்ணிற்பட்டால் வாத்து வீழும். குறிபார்த்தற்குத் தூரம் வேண்டும். ஆங்கிலேயர் காலத்து லயன் அறையோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. கட்டிலும் பெட்டியும் போக எஞ்சியது எவ்வளவு? துப்பாக்கி முனை கண்ணாடியைத் தொட்டுநிற்க, வேட்டை வெறும் விசையிழுப்பாயிற்று. இது விளையாட்டின் குறையன்று, வீட்டின் குறை. ஏக்கமோ இவ்வேறுபாட்டை அறியாது. விளையாட்டை இனிதாக்கும்போதே அவ்விடுக்கத்தையும் இனிதாக்கிவிடும். அவ்விடுக்கத்தில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை நினையுமிடத்து, இது சிறு பிழையாகத் தோன்றவில்லை.

நடிகரைப் படம்பிடித்து அமைத்த விளையாட்டுகள் கசெட்டுக்குள் அடங்கவில்லை, ஒளித்தட்டுகளிலே வந்தன. 1990இல் வந்த 'மேட் டாக் மெக்ரீ'யும், 1987இல் படம்பிடிக்கப்பட்டு 1992இல் வெளியான 'நைட் டிராப்'பும் இவ்வினத்தன. பின்னது 1993இல் அமெரிக்க மேலவை விசாரணையில் கண்டிக்கப்பட்டது. மறு ஆண்டு விளையாட்டுகளைத் தரம்பிரிக்கும் அமைப்பொன்று அங்கே உருவாயிற்று. இன்று சிலர் இவற்றின் மோசமான நடிப்பையே சுவையெனக் கொண்டாடுகின்றனர். நகைத்தற்பொருட்டு நேசித்தல் நேசமாகாது. இவற்றின் உண்மைக்குறை நடிப்பன்று. ஆடுபவனுக்கு உரிய கணத்தில் விசையிழுத்தலன்றி வேறு பணியின்மையே. சுட்டாலும் தவறினாலும் படம் முன்னே வகுத்த வழியிற்செல்லும். படத்தின் மீதே பழிசுமத்தலும் பொருந்தாது. 2015இல் சாம் பார்லோ ஆக்கிய 'ஹெர் ஸ்டோரி'யும் நடிகையைப் படம்பிடித்ததே. ஆங்கே ஆடுபவன் சொற்களைத் தட்டச்சிட்டுப் பொலிஸ் விசாரணைத் துணுக்குகளைத் தேடிக் கதையைத் தானே கோக்கின்றான்.

கொன்ட்ராவை இன்று கைப்பேசியிலும் ஆடலாம். சிமிட்டலை நீக்கியும் ஆடலாம். அவ்வாறு நீக்கி ஆடியோர் சிலர் ஏதோ குறைகின்றதென்று அதை மீண்டும் சேர்த்துக்கொள்கின்றனர். பழைய துப்பாக்கியால் ஆடும் வாத்து வேட்டைக்கு அத்தகைய எளிய மீட்சியில்லை. பழைய குழாய்த் திரைக்கென அமைந்த அத்துப்பாக்கி தட்டைத் திரைமுன் பயனற்றது. வெண்கட்டம் திரையில் எழுமுன்னரே, குறி தவறியதெனப் பொறி தீர்த்துவிடும்.